குட்டி போன ஒன்பது வீடுகள்: வெல்லாவெளிப் பக்கத்து வாழைத்தோட்டம் ஒன்றின் வாடல் நோய்

எங்கள் பக்கத்தில் வாழைக்குட்டி கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இல்லை. மண்வெட்டியால் இரண்டு கொத்துக் கொத்தி, கிழங்கோடு பெயர்த்து, வேர் காயாமல் இருக்கட்டும் என்று ஒரு கட்டி மண்ணையும் சேர்த்து, உரச்சாக்குத் துண்டில் சுற்றிச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிவிடுவார்கள். அதற்குக் காசு வாங்குவது குறைச்சல். மட்டக்களப்பு மாவட்டத்தின் வெல்லாவெளிப் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் என் மச்சான், அதாவது அக்காவின் கணவர், 2021 சித்திரை முதல் ஆவணி வரை இப்படி ஒன்பது வீடுகளுக்குக் குட்டி கொடுத்திருந்தார். அந்தக் கணக்கு எனக்குத் தெரிய வந்ததோ அடுத்த ஆண்டு நடுப்பகுதியில். இந்த நிகழ்வில் நான் செய்த பிழைகளில் இன்னும் உறுத்துவது அந்தத் தாமதம்தான்.

நான் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலம் முழுவதும் நெல்லோடுதான் புழங்கினேன். எரிபந்த நோய், கபிலநிறத் தத்திப் பூச்சி என்றால் தூக்கத்திலும் பதில் சொல்வேன். வாழையைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் படித்ததில்லை. தாவரவியல்படி வாழை மரமே இல்லை, பெரிய பூண்டு. ஆனால் மரம் என்று எண்ணி, மரம் என்று விலை பேசும் ஊரில் நானும் அப்படியே எழுதுகிறேன். நான்கு பயிற்சிக் கொப்பிகளில் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து இதைத் தொகுத்திருக்கிறேன்.

காணி

அரை ஏக்கர். வீதியோரம் மேடாக இருக்கும். அங்கிருந்து மெல்லச் சரிந்து, நவகிரிக் குளத்து நீர் வரும் கிளை வாய்க்காலில் போய் முடியும். கீழ்ப்பாதி முன்பு வயல். நெல்லில் மிச்சமில்லை என்று மச்சான் அதையும் உயர்த்திப் பாத்தி கட்டி, 2020 ஐப்பசியில் மாரி தொடங்கும் கையோடு முழுவதிலும் கோளிக்குட்டு என்ற இன வாழையை வைத்தார். வரிசைக்கு 20 வீதம் 11 வரிசை, மொத்தம் 220 குட்டிகள். வெளி மாவட்டத்திலிருந்து ஒரு வியாபாரி லொறியில் கொண்டு வந்து இறக்கியவை. ஒடுங்கிய இலையும் தடித்த அடியுமாக, பார்த்தால் யாரும் வாங்கக்கூடிய குட்டிகள். நானும் அன்று நின்று பார்த்துத் தலையாட்டினேன்.

கோளிக்குட்டுக்குச் சந்தையில் இருக்கும் மதிப்பு தனி. கதலியைவிட விலை எப்போதும் மேலேதான். களுவாஞ்சிக்குடிச் சந்தையில் குலையை இறக்கி வைத்ததும் ஆள் வந்துவிடும். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன்.

உரம் இல்லாத ஆண்டு

2021 ஆவணியில் மேல் மூலையில் மூன்று மரங்களின் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளித்தன. அது எந்த ஆண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்திருந்தது. நவம்பரில்தான் அது விலகியது. இடைப்பட்ட மாதங்களில் மட்டக்களப்பு முழுவதும் எந்தப் பயிர் மஞ்சளித்தாலும் காரணம் ஒன்றுதான்: உரம் இல்லை. பொட்டாசியம் குறைந்தால் வாழையின் முதிர்ந்த இலை ஓரத்திலிருந்து மஞ்சளிப்பது உண்மையும்கூட. எனவே, "பொட்டாசுக் குறைபாடு மச்சான், சாம்பல் போடுங்கள், அடியில் நன்றாகத் தண்ணீர் கட்டுங்கள்" என்றேன். அவரும் அக்காவின் அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டு, மேல் மூலையில் தண்ணீரைத் திறந்துவிட்டார். தண்ணீர் சரிவு வழியே கீழே போனது.

ஒரு விடயத்தை அன்றே கவனித்திருக்க வேண்டும். உரக்குறை என்றால் வரிசை முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெளிறும். இங்கே நோய்பட்ட மரத்துக்குப் பக்கத்து மரம் கரும்பச்சையாக நின்றது. மூன்றே மரங்களை மட்டும் தேடிப்பிடிக்கும் உரக்குறைபாடு உலகத்தில் இல்லை.

ஐப்பசியில் அது ஒன்பது மரமானது. மஞ்சளித்த இலைகள் காம்போடு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோல் தொங்கின. நடுக்குருத்து மட்டும் பச்சையாக நிமிர்ந்து நின்றது. இரண்டு மரங்களில் தண்டின் அடி நெடுக்காக வெடித்திருந்தது. அதைக் கண்டபோதுதான் என் வயிற்றில் புளி கரைந்தது.

தண்ணீர்க் கிளாஸ்

ஒரு மரத்தை அடியோடு சரித்தோம். தண்டைக் குறுக்கே வெட்டியபோது வெளிச்சுற்றுப் பட்டைகளில் செங்கபில நிறத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வளையம் தெரிந்தது. பாக்கு மென்ற வாயின் நிறம். நெடுக்கே பிளந்தால் அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் நீண்ட நூல். கிழங்கை வெட்டினால் வெள்ளைச் சதைக்குள் சிவப்பு மையால் கோடு இழுத்ததுபோல் இருந்தது. வேர் கொண்டுவரும் நீரை மேலே ஏற்றும் குழாய்கள் அவை.

வாடல் என்று கண்டதும் ஒரே பெயரைச் சொல்லிவிட முடியாது. பங்கசுவாலும் (பூஞ்சையாலும்) வாழை வாடும், பற்றீரியாவாலும் வாடும். இரண்டையும் தோட்டத்திலேயே பிரித்தறிய ஒரு எளிய சோதனை இருக்கிறது. நிறம் மாறிய தண்டில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, ஒரு கிளாஸ் தெளிந்த தண்ணீரில் அதன் வெட்டுமுகம் மட்டும் நனையும்படி தொங்கவிட வேண்டும். பற்றீரியா என்றால் சிறிது நேரத்தில் வெட்டுமுகத்திலிருந்து பால் போன்ற இழைகள் கீழே இறங்கும். அக்காவின் தேநீர்க் கிளாஸை வாங்கி, துண்டை ஈர்க்கில் குத்தி விளிம்பில் வைத்துவிட்டு, மூவரும் குந்தியிருந்து பார்த்தோம். அரை மணி நேரமாகியும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. இருந்த ஓரிரு காய்களையும் பிளந்து பார்த்தோம். உள்ளே அழுகலோ கருமையோ இல்லை. பற்றீரியா வாடலில் காயின் உட்சதையும் கெட்டிருக்கும். கிழங்கில் வண்டு குடைந்த துளைகள் அங்கங்கே இருந்தன, ஆனால் மரத்தைக் கொல்லும் அளவுக்கு இல்லை.

உறுதிப்படுத்த மாதிரி அனுப்ப வேண்டும். இதிலும் ஒரு தவறு நடக்க இருந்தது. மச்சான் தண்டைத் துண்டாக வெட்டி, பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார். அப்படி அனுப்பினால் ஆய்வுக்கூடத்தைச் சேர்வதற்குள் அழுகி, அழுகலில் வளரும் வேறு பங்கசுதான் முளைக்கும். சிவந்த நூல்களை மட்டும் சுத்தமான கத்தியால் உரித்தெடுத்து, ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்து, நிழலில் காயவிட்டு, தபால் உறையில் இட்டு அனுப்ப வேண்டும். அப்படியே செய்தோம். பியூசேரியம் என்று பதில் வந்தது.

பியூசேரியம் ஒக்சிஸ்போரம் என்பது பங்கசுவின் பெயர். அதில் வாழையைத் தாக்கும் வடிவத்துக்குக் கியூபென்சே என்று அடைமொழி. விவசாயிகள் அறிந்த பெயர் பனாமா வாடல்.

மருந்து தேடிய காலம்

பதில் வந்த அன்று நான் முதலில் கேட்டது, எந்தக் கடையில் என்ன மருந்து இருக்கிறது என்பதைத்தான். வாழ்நாள் முழுவதும் விவசாயிகள் என்னிடம் கேட்ட கேள்வி அது. எனக்கும் அதே கேள்விதான் வாயில் வந்தது. ஒரு கடையில் பங்கசுநாசினி ஒன்றைக் கொடுத்து, வாளி வாளியாகக் கரைத்து அடியில் ஊற்றச் சொன்னார்கள். இரண்டு தடவை ஊற்றினோம். 2022 மாசியில் மாரி வெள்ளம் வடிந்தபோது வாடிய மரங்கள் 41.

ஏன் பலிக்கவில்லை என்பதை விளங்கிக்கொள்ள எனக்குச் சில இரவுகள் பிடித்தன. இந்தப் பங்கசு இலைமேல் உட்கார்ந்து தின்பதில்லை. நுண்வேர் வழியாக நுழைந்து நீர்க்குழாய்க்குள் ஏறிவிடுகிறது. அதைத் தடுக்க மரமே தன் குழாய்களைப் பிசினாலும் திசுவாலும் அடைக்கிறது. மெல்ல அடைத்தால் பங்கசு முந்திவிடும். எல்லாவற்றையும் அடைத்தால் தண்ணீர் ஏறாது. காலடியில் வாய்க்கால் ஓட, மரம் தாகத்தில் சாகிறது. நான் "தண்ணீர் கட்டுங்கள்" என்று சொன்னதை நினைத்தால் இப்போது சிரிப்பாகவும் வெட்கமாகவும் இருக்கிறது.

மரம் செத்தபின் பங்கசு தடித்த சுவருடைய உறங்கு வித்திகளாக மண்ணில் தங்கிவிடுகிறது. வாழையே இல்லாமல் 20 ஆண்டுகளுக்கு மேலும் அவை உயிரோடு கிடக்கும். சில புல்பூண்டுகளின் வேரில் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒட்டிக்கொண்டும் காலத்தைக் கழிக்கும். எனவே காணியைச் சும்மா தரிசாகப் போட்டுப் புல் வளரவிடுவதால் மண் தூய்மையாகிவிடாது. மண்ணில் ஊற்றிய நாசினியோ மண்துகளிலேயே தங்கிவிடும். மரத்தின் உள்ளே இருப்பதையும் மண்ணின் ஆழத்தில் இருப்பதையும் அது தொடுவதில்லை.

இதன் வரலாறு எனக்கு ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது, நாங்கள் மட்டும் ஏமாறவில்லை என்பதால். 1876இல் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கு அருகில் ஜோசப் பாங்க்ரொஃப்ட் என்ற மருத்துவர் இதை முதலில் எழுதி வைத்தார். பெயர் மட்டும் பனாமாவுக்குப் போய்விட்டது, அங்கு நடந்த அழிவு அப்படி. ஏற்றுமதிக்கென்று குரோ மிஷேல் என்ற ஒரே இனத்தை மைல் கணக்கில் நட்டிருந்த கம்பனிகள், ஒரு தோட்டம் செத்ததும் அடுத்த காட்டை வெட்டி நகர்ந்தன. அரை நூற்றாண்டில் சுமார் 40,000 ஹெக்டேயர் இப்படிப் போன பிறகு, 1960களுக்குள் கவெண்டிஷ் இனத்துக்கு மாறின. அதையும் கொல்லும், இந்தப் பங்கசுவின் வெப்பமண்டல நான்காம் இனம் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கிளம்பி, 2019இல் கொலம்பியா வரை போய்விட்டது. நகர்ந்து போக அவர்களுக்குக் காடு இருந்தது. மச்சானுக்கு அரை ஏக்கர்.

கொப்பியில் வரைந்த படம்

திருப்பம் என்று ஒன்றைச் சொல்வதானால், அது 2022 மாசியில் நான் சதுரக்கோட்டுத் தாளில் தோட்டத்தை வரைந்த மாலை. 11 வரிசை, 220 வட்டங்கள். வாடியவற்றைச் சிவப்புப் பேனாவால் நிரப்பினேன். முதலில் கண்ட மூன்றும் மேல் மூலையில் தனித்தனியாக நின்றன. அவை லொறியில் வந்தவை என்று கொள்ளலாம். அங்கிருந்து சிவப்பு, சரிவு வழியே வாய்க்கால் வரை ஒரு வால்போல் இறங்கியது. அது நான் திறக்கச் சொன்ன தண்ணீர். இன்னொரு சிவப்புக் கோடு தோட்டத்துக்குக் குறுக்கே கிணற்றடி வரை போனது. அந்தக் கோட்டுக்கு எங்களுக்கு விளக்கம் தெரியவில்லை. அக்காதான் எட்டிப் பார்த்துவிட்டு, "இது இவர் நடந்து போகிற வழியல்லவா?" என்றார்.

மச்சான் செருப்புப் போட்டுத் தோட்டத்துக்குள் இறங்கும் ஆளில்லை. மேல் மூலையில் களை கொத்தி, அதே மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, வழியில் நின்று நின்று சருகு கழித்து, குட்டி வெட்டி, கிணற்றடியில் போய்க் கால் கழுவுவார். ஒவ்வொரு நாளும்.

அந்தப் படத்துக்குப் பிறகு, வேறெங்கெல்லாம் போயிருக்கும் என்ற கேள்வி தானாக வந்தது. செத்த மரங்களின் தண்டைப் பட்டி மாடுகளுக்குப் போட்டிருந்தார். சிலவற்றை வாய்க்காலில் தள்ளியிருந்தார். அது கீழ்க் காணிகளுக்குப் போகிறது. இலைச்சருகை வெற்றிலைக் கட்டுக் கட்டக் கொடுத்திருந்தார். நீர்க்குழாய் தண்டு முழுவதும் ஏறுவதால் பங்கசு கிழங்கில் மட்டும் இருப்பதில்லை, தண்டிலும் இலைக்காம்பிலும் இருக்கும். குட்டிகளைப் பற்றி அப்போதும் நான் கேட்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

முயன்றவையும் விட்டவையும்

படித்தவற்றில் எங்களுக்குப் பொருந்துவது எது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம்.

நோய்பட்ட மரத்தைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு போகக் கூடாது. போகும் வழியெல்லாம் மண் உதிரும். நின்ற இடத்திலேயே வெட்டிச் சிறு துண்டாக்க வேண்டும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அப்படி வெட்டிய கிழங்கின் மேலும் மண்ணின் மேலும் யூரியாவைக் கொட்டிப் பொலித்தீனால் மூடுகிறார்கள். அதிலிருந்து எழும் அமோனியா வித்திகளைக் குறைக்கிறது. சாதாரண அளவில் யூரியா போட்டால் இந்த வாடல் கூடத்தான் செய்யும். அமோனியம் வகைத் தழைச்சத்து பியூசேரியத்துக்கு இதம். குவித்துப் போடும்போது கதை வேறு. இதை மச்சானுக்கு விளக்கியது 2022இல், யூரியா தங்க விலைக்கு விற்ற காலத்தில். "நெல்லுக்கே யூரியா இல்லை. செத்த வாழைக்கா போடச் சொல்கிறாய்?" என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பன்னிரண்டு குழிகளுக்கு மட்டும் போட்டோம். மற்றவற்றை வெறும் கறுப்புப் பொலித்தீனால் மூடினோம்.

சப்பாத்துக் கழுவும் தொட்டி வைக்கச் சொல்லி எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. சப்பாத்தே இல்லாத ஊரில் என்ன செய்வது? படலையடியில் ஒரு பேசினும் தேங்காய்த்தும்புத் துரும்பும் வைத்தோம். முதலில் காலையும் மண்வெட்டியையும் தேய்த்து மண்ணைக் கழற்ற வேண்டும், பிறகுதான் கிருமிநாசினி. குளோரின் கலந்த நீர் சேற்றைக் கண்டால் வலுவிழந்துவிடும். சேற்றுக் காலை நேரே அதில் முக்குவது மனத்திருப்திக்கு மட்டும். மேல் மூலைக்கென்று ஒரு மண்வெட்டியை ஒதுக்கி, பிடியில் சிவப்புப் பெயின்ட் அடித்து, அங்கேயே முருங்கையில் சாத்தி வைத்தோம். நல்ல பக்கத்தில் வேலையை முடித்த பிறகே நோய்ப் பக்கம் போவது என்று ஒழுங்கு செய்தோம். செலவே இல்லாத இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க வைப்பதற்குத்தான் என் தொண்டை வற்றியது.

டிரைக்கோடெர்மா பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். சாடிகளில் நடத்திய சோதனைகளில் இந்த நல்ல பங்கசு நன்றாக வேலை செய்கிறது. தோட்டத்தில் பலன் இடத்துக்கு இடம் மாறுகிறது. மாட்டெருவில் கலந்து போட்டோம். கெடுதல் இல்லை என்பதற்கு மேல் அதற்குச் சான்றிதழ் தர மாட்டேன். அமிலத்தன்மை கூடிய மண்ணில் பியூசேரியம் தழைக்கும் என்பதால், அமிலத்தைத் தணிக்கும் தொலமைட்டுச் சுண்ணாம்பும் இட்டோம்.

இழைய வளர்ப்புக் கன்று நோயற்றது என்பது சரி. ஆனால் அது நோயை எதிர்க்கும் என்று அர்த்தமில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் அந்தக் கன்றைக் கெட்ட மண்ணில் வைத்தால், முதல் மாதங்களில் சாதாரணக் குட்டியைவிட இலகுவாக விழுந்துவிடுகிறது. சுத்தமான மண்ணுக்குத்தான் அது வரம். 2024இல் அவுஸ்திரேலியா அனுமதித்த மரபணு மாற்றிய கவெண்டிஷ் வாழை பற்றியும் மச்சானுக்குச் சொன்னேன். காட்டுவாழையின் மரபணு ஒன்றைச் சேர்த்தது. "அது வெல்லாவெளிக்கு வர என் பேரன் தாடி வைப்பான்" என்றார்.

என்னைப் பிடித்து நிறுத்தியது தாய்வான் அனுபவம். அங்கே நோய் விழுந்த வாழைக் காணிகளை நெல்வயலாக்கி, ஓரிரண்டு ஆண்டு தண்ணீர் கட்டி விதைத்துவிட்டு, மறுபடி வாழை வைத்தபோது வாடல் வெகுவாகக் குறைந்தது. இதற்கு முன்பே மத்திய அமெரிக்காவில் கம்பனிகள் தோட்டங்களை மாதக்கணக்கில் நீரில் மூழ்கடித்துப் பார்த்தன. ஓரளவு பலித்து, சில காலத்துக்குள் நோய் திரும்பிவிட்டது. வெறும் வெள்ளத்துக்கும் நெல்லுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு வயல்காரனாகப் புரிந்தது. வயலில் தண்ணீர் நிற்கிறது, உழவு நடக்கிறது, வைக்கோல் மக்குகிறது, போகத்துக்குப் போகம் அது திரும்பத் திரும்ப நடக்கிறது. காற்றில்லாத சேற்றில் பியூசேரியம் தளர்ந்து போகிறது. வாழையைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கு, விடை நான் முப்பது ஆண்டு நின்ற சேற்றிலேயே இருந்தது.

வயலை மேடாக்கி வாழை வைத்தவரிடம் மேட்டை இடித்து வயலாக்கச் சொல்வது இலகுவான பேச்சு இல்லை. இரண்டு வாரம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு அவராகவே ட்ரக்டர் பிடித்தார்.

சடங்குக்கு மரம்

இடையில் 2022 வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு வந்தது. வாசலில் கட்டக் குலையோடு இரண்டு வாழை வேண்டும் என்று கோயிலிலிருந்து கேட்டு வந்தார்கள். வழக்கமாக அவர் வீட்டிலிருந்துதான் போகும். அப்போது கீழ்ப்பாதியில் பார்வைக்குக் குறையில்லாத குலை மரங்கள் நின்றன. அவற்றைக் கொடுத்தால் என்ன என்று மச்சான் கேட்டார். அடியில் வெட்டிப் பார்த்தால்தான் தெரியும், வெட்டிவிட்டால் கட்ட முடியாது. சடங்கு முடிந்ததும் அந்த மரங்கள் கோயில் பின்புறத்தில் மக்கும், ஊர் மாடு தின்னும், மழை நீர் கொண்டுபோகும். அம்மனுக்கு இல்லை என்று சொல்வதா என்று ஒரு பகல் முழுவதும் திண்ணையில் இருந்தார். மறுநாள் விடிய, பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிப் போய், வாவிக்கு அப்பாலுள்ள எழுவான்கரைத் தோட்டமொன்றில் காசு கொடுத்து இரண்டு மரம் வாங்கி, நேரே கோயிலில் இறக்கினார். ஏன் வாங்கினார் என்று ஊரில் பலவாறு பேசினார்கள்.

அன்றிரவுதான் அவர் வாயிலிருந்து வந்தது: "மரம் கொடுக்காவிட்டால் என்ன, போன வருடம் ஒன்பது பேருக்குக் குட்டி கொடுத்தேனே."

ஒன்பது வீடுகள்

நோய்பட்ட தாயின் குட்டி நான்கு மாதம் வரை பெரும்பாலும் எதையும் வெளியில் காட்டுவதில்லை. கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் கிடைக்காத நாட்கள் அவை. சைக்கிளிலும் பஸ்ஸிலுமாக ஒவ்வொரு வீட்டுக்கும் போனேன்.

ஐந்து வீடுகளில் மரம் செத்துப்போயிருந்தது. எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: அந்த வருடம் உரம் இல்லையே. நான் மறுத்துப் பேசத் தகுதியற்றவன். இரண்டு வீடுகளில் குட்டியை ஆடு தின்றுவிட்டது, வாழ்க ஆடு. எட்டாவது வீட்டில் மரம் பாவாடை கட்டி நின்றது, ஆனால் அதைச் சுற்றி நான்கு குட்டிகள் வெட்டியெடுத்த குழிகள் இருந்தன. யாருக்கு என்று கேட்டேன். மகளுக்கு இரண்டு, மகளின் மாமியார் வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கூடத் தோட்டத்துக்கு ஒன்று. வாழையடி வாழை என்று வாழ்த்துகிறோம். கொப்பியில் அந்தப் பெயர்களை எழுதும்போது அந்த வாழ்த்து வேறு மாதிரி ஒலித்தது.

அங்கெல்லாம் நான் சொன்னது மிகக் குறைவு. பிடுங்க வேண்டாம், வெட்டி அந்த இடத்திலேயே மூடுங்கள். அந்தக் குழியில் வாழை வைக்காதீர்கள், கத்தரி வையுங்கள், மரவள்ளி வையுங்கள். குட்டி யாருக்கும் கொடுக்காதீர்கள். முதல் இரண்டையும் எல்லோரும் கேட்டார்கள். மூன்றாவதைச் சொன்னபோது ஒவ்வொரு வீட்டிலும் முகம் மாறியது. சொந்தக்காரர் கேட்டால் என்ன சொல்வது? இருக்கும் குட்டியை இல்லை என்பதா? நோயென்று சொன்னால் நம்ப மாட்டார்கள், கஞ்சத்தனம் என்பார்கள். நான் படித்த ஆய்வுகளில் மண்ணின் காரத்தன்மை உண்டு, வித்தியின் ஆயுள் உண்டு. மைத்துனிக்கு ஒரு வாழைக்குட்டியை எப்படி மறுப்பது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. மச்சானே ஒரு வழி கண்டுபிடித்தார். தோட்டத்து எல்லைக்கு அப்பால், சுத்தமான மண் நிரப்பிய பைகளில், நம்பகமான இடத்தில் வாங்கிய கதலிக் கன்றுகள் பத்துப் பதினைந்தை எப்போதும் வளர்த்து வைத்திருக்கிறார். கேட்டு வருபவர் அதைக் கொண்டு போகலாம். கை வெறுமையாகப் போவதில்லை.

இப்போதைய நிலை

2022 ஆனியில் 97 மரங்கள் போன நிலையில் கோளிக்குட்டு முழுவதையும் அழித்தோம். கீழ்ப்பாதியில் 2022/23 பெரும்போகம் முதல் தொடர்ந்து மூன்று போகம் நெல். மேல்பாதியில் தண்ணீர் நிற்காது. அங்கே ஒரு வருடம் சோளமும் கச்சானும் (நிலக்கடலையும்), பிறகு கதலி. கதலி இந்த நோயைப் பெரிதும் தாங்கும் இனம். 2023 ஐப்பசியில் வைத்த 80 கதலியில் இதுவரை வாடல் இல்லை. விலைதான் இல்லை. அக்கா சந்தைக் கணக்கைச் சொல்லும்போதெல்லாம் மச்சான் கோளிக்குட்டுப் பக்கம் பெருமூச்சு விடுகிறார்.

2024 ஆடியில், நெல் நின்ற கீழ்ப்பாதியின் ஓரத்தில், மீண்டும் பாத்தி உயர்த்தி 20 இழைய வளர்ப்புக் கோளிக்குட்டுகளைச் சோதனைக்கு வைத்தோம். பதினான்கு மாதத்தில் மூன்று வாடின. மூன்றும் மேல்பாதியிலிருந்து மழைநீர் இறங்கும் பக்கத்தில் நின்றவை. அந்த இடத்தில் ஒரு குறுக்கு வரம்பு கட்டியிருக்க வேண்டும், இப்போது கட்டியிருக்கிறோம். மற்றப் பதினேழில் பன்னிரண்டு குலை தள்ளிவிட்டன. இதை வெற்றி என்று எழுத மாட்டேன். ஒரே தோட்டம், ஒப்பிட்டுப் பார்க்க நெல் போடாத கோளிக்குட்டுப் பாத்தி ஒன்றையும் நாங்கள் வைக்கவில்லை. வைக்கலாம் என்றேன், மச்சான் பார்த்த பார்வையில் பேச்சை மாற்றினேன்.

ஒன்பதாவது வீடு மண்டூரில், மச்சானின் சிறியதாயார் வீடு. 2022இல் போனபோது மரம் நன்றாக இருந்தது. இந்தப் புரட்டாசியில் மறுபடி போனேன். கிணற்றடியில் தாய்மரமும் அதன் இரண்டாம் தலைமுறையுமாக நான்கு மரம், ஒன்றில் நிறைந்த குலை. அடி இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தண்டின் அடியைத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அந்தக் கிழவி தேநீர் தந்துவிட்டு, கையில் மண்வெட்டியோடு வந்தார். "உன் மச்சான் தந்த இனம்தான் மகன். அவனுடையதெல்லாம் செத்துப்போயிற்றாமே. ஒரு குட்டி கொண்டுபோய்க் கொடு."

மண்வெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாத்தினேன். பஸ்ஸில் சனம், கிழங்கோடு ஏற்ற விட மாட்டார்கள் என்றேன். அன்றைய பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: 9ஆவது வீடு. நான்கு மரம், அறிகுறி இல்லை. குட்டி எடுக்கவில்லை. மாரி வடிந்ததும் மறுபடி பார்க்க வேண்டும். போகும்போது பையில் இரண்டு கதலிக் கன்று கொண்டுபோக வேண்டும்.